பத்துக்கு எத்தனை வலி

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் கரம் விளையாட்டு. கோயிலுக்குப் போகிறவர்கள் போகட்டும், கடைக்குப் போகிறவர்கள் போகட்டும். நானும் என் கணவரும் நோர்வேயில், குரோருட்டில் இருக்கும் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் பலகையை முக்காலிமேல் வைத்து, உருளைக்கிழங்கு மாவைத் தூவிக்கொண்டு உட்காருவோம். கரம் பவுடர் தேடி அலைந்த காலமெல்லாம் போய்விட்டது. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் அந்த மாவில் காய்கள் வழுக்கிக்கொண்டு ஓடும். மகள் வீட்டில் இருந்த காலத்தில், குழம்பு தடிப்பாக்க வாங்கும் மாவையெல்லாம் நீங்கள் பலகையில் கொட்டுகிறீர்கள் என்று சண்டை பிடிப்பாள். இப்போது அவள் லில்லெஸ்ட்ரோமில். மாவு முழுவதும் எங்களுக்குத்தான்.

அது வெறும் விளையாட்டில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் கிடங்கொன்றில் வருடக்கணக்காகப் பெட்டி தூக்கியவர். முதுகு போய்விட்டது. இனி இவரால் வேலை செய்ய முடியாது என்று அரசாங்க அலுவலகம் முடிவு சொன்ன நாளிலிருந்து அவர் வாயும் போய்விட்டது. ஒரு காலத்தில் கலியாண வீட்டில் கடைசி மேசையை எழும்பவிடாமல் கதை சொல்லிக்கொண்டிருந்த மனிதர். இப்போது ஜன்னலோரக் கதிரையில் இருந்து கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓம், இல்லை, சாப்பிட்டாச்சு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்ற பயம்போல. முதுகு எப்படி என்று யார் கேட்டாலும் "பரவாயில்லை".

ஆனால் வெள்ளிக்கிழமை பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார். காயைக் குறிவைக்க முன்னமே வீறாப்புப் பேசுவார். நான் தவறவிட்டால் வானொலிக்காரர் மாதிரி வர்ணனை சொல்வார். சிவப்புக் காயை நான் போட்டுவிட்டுப் பின்னால் இன்னொரு காய் போடமுடியாமல் தடுமாறினால் அவருக்குத் தீபாவளி. அந்தச் சத்தத்துக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருப்பேன். அந்த ஆட்டமும் நின்றுபோனால் மனுஷன் ஒரேயடியாக அந்தக் கதிரையோடு போய்விடுவார் என்று எனக்குப் பயம். மகளுக்குக்கூட நான் அதைச் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் என் வலதுகை நடுவிரல் குழப்படி தொடங்கியது. கரம் சுண்டுகிற அதே விரல்.

நான் சிறுவர் பள்ளியில் உதவியாளர். நோர்வேயில் சின்னப் பிள்ளைகளோடு வேலை என்றால் கதை சொல்வதும் பாட்டுப் பாடுவதும் என்று வெளியில் நினைப்பார்கள். பனிக்காலத்தில் அது உடுப்புப் போடும் வேலை. கம்பளி, அதற்குமேல் இன்னொன்று, அதற்குமேல் தலைமுதல் கால்வரை மூடும் குளிருடுப்பு, அதில் நீளமான சிப், சப்பாத்துக்கு அடியில் இழுத்து மாட்டும் ரப்பர், கடைசியாகக் கையுறை. ஒரு பிள்ளையை முழுதாகப் பூட்டி முடிக்கும்போது முதலில் பூட்டின பிள்ளை மூத்திரம் வருகிறது என்று நிற்கும். மறுபடி எல்லாம் கழற்ற வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறார்கள், விரல் என்ன பாவம். பிறகு டொக்டர் சொன்னார், சிப்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, சிலருக்குக் காரணமில்லாமலே வரும், சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும் என்று. எனக்குச் சீனியும் உண்டு. ஆனால் நான் பழியைச் சிப்பின்மேல்தான் போட்டேன். சீனிமேல் போட்டால் என் தேநீரில் கைவைப்பார்கள்.

முதலில் காலையில் மட்டும் விரல் மடங்கியபடி இருக்கும். நிமிர்த்தப் பார்த்தால் பாதி வழி வரும், பிறகு அசையாது. நாய் வாலை நிமிர்த்துகிற மாதிரி மறுகையால் பிடித்து இழுத்தால் டக் என்று ஒரு சத்தத்தோடு விரியும். உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தில் ஒரு பயறளவு கட்டி தட்டுப்படும், அதை அழுத்தினால் நோகும். வாயு என்று நினைத்தேன். குளிர் என்று நினைத்தேன். சுடுநீரில் வைத்தேன், நல்லெண்ணெய் பூசினேன். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் மச்சாள், அது சுளுக்கு, நன்றாக இழுத்துச் சொடக்கெடுத்தால் சரியாகிவிடும் என்றாள். அவள் பேச்சைக் கேட்டு இழுத்ததில் விரல் வீங்கியதுதான் மிச்சம்.

பலகையில் என்ன நடந்தது என்றால், ஸ்ரைக்கருக்குப் பின்னால் விரலை மடித்து வைப்பேன், சுண்டப் பார்ப்பேன், விரல் வராது. நான் கையை எடுக்கப்போகும் நேரம் பார்த்து அது தானாகப் பாய்ந்து விரியும். ஒருநாள் ஸ்ரைக்கர் பலகையைத் தாண்டிப் பறந்து போய் அவருடைய தேநீர்க் கோப்பையில் விழுந்தது. அவர் ஸ்ரைக்கரைத் தேநீருக்குள்ளிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, என்னைப் பார்த்தார்.

"அளாப்பாதையும்," என்றார்.

நான் சிரித்தேன். விளையாட்டில் கள்ளம் செய்கிறேன் என்று அவர் குற்றம் சாட்டும்போது எனக்கு எப்போதும் சந்தோஷம்தான். ஆனால் உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. இந்த விரல் போனால் இந்தச் சிரிப்பும் போய்விடும்.

டொக்டரிடம் போனேன். போன விதத்தைக் கேளுங்கள். வீட்டில் கையைச் சுடுநீரில் ஊறவைத்து, விரலை இழுத்து நிமிர்த்தி, வழியெல்லாம் கையுறைக்குள் நேராகப் பிடித்துக்கொண்டு போனேன். விருந்தாளி வர முன்னம் வீடு கூட்டுகிற பழக்கம், டொக்டருக்கும் விரலைத் துப்புரவாகத்தான் காட்ட வேண்டுமாம். அவர் இளவயதுப் பெண், நல்ல பொறுமை. கட்டியை உடனே கண்டுபிடித்துவிட்டார். இதற்கு ஸ்ப்ரெட்ஃபிங்கர் என்று பெயர், துள்ளுகிற விரல் என்றார். பிறகு கேட்டார், பூச்சியத்திலிருந்து பத்துவரை என்றால் வலி எத்தனை?

இரண்டு என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. பத்து என்றவுடன் எனக்கு ஞாபகம் வருவது சண்டைக் காலத்தில் ஊரில் செல் விழுந்த ஒரு பின்னேரம். மகளைப் பெற்றதை எட்டு என்று வைக்கலாம். அப்படிப் பார்த்தால் ஒரு விரலுக்கு எவ்வளவு கொடுப்பது? இரண்டே அதிகம் என்றுதான் பட்டது. போதாததற்கு, வெளியே காத்திருந்தவர்களில் ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார். அவருடைய நேரத்தை நான் எடுக்கிறேனே என்ற கூச்சம் வேறு. டொக்டரும் நியாயமாக, இரண்டுக்கு என்ன செய்வாரோ அதைச் செய்தார். விரலுக்கு ஓய்வு கொடுங்கள், படுக்கும்போது இந்தச் சின்னப் பட்டையைக் கட்டி விரலை நேராக வைத்திருங்கள், குறையாவிட்டால் கட்டாயம் வாருங்கள் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

குறையவில்லை. நானும் போகவில்லை. பனிக்காலம், பிள்ளைகள், சிப். விரல் இப்போது பகலிலும் பூட்டிக்கொண்டது. விரிக்கும்போது முழங்கைவரை ஒரு வலி போகும். வெள்ளிக்கிழமை வந்தால் நான் சாட்டுச் சொல்லத் தொடங்கினேன். தலையிடி. களைப்பு. மகளோடு ஃபோனில் கதைக்க வேண்டும். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சில வாரங்கள் பலகையை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு ஒருநாள் அதைச் சோபாவுக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு ஜன்னலோரக் கதிரைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. விரல் வலிக்கு அழாதவள் அந்தப் பலகை சுவரோடு நிற்பதைப் பார்த்துக் குசினிக்குள் போய் அழுதேன்.

அவருக்கு விஷயம் தெரிந்தது சோற்றில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமோ என்பார்கள், நான் ஒரு விரலை மறைக்கப் பார்த்தேன். சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்துவிட்டு நான் மட்டும் கரண்டியால் சாப்பிட்டேன். ஏன் கரண்டி என்று கேட்டார். சுடுகிறது என்றேன். அவர் கையை நீட்டி என் தட்டில் இருந்த சோற்றைத் தொட்டுப் பார்த்தார். ஆறிப்போய்க் கிடந்தது. பிறகு மேசைக்குக் கீழே இருந்த என் கையை எடுத்து மேலே வைத்தார். விரல் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தது.

"எவ்வளவு நாளாய் இது?"

கொஞ்ச நாள்தான் என்றேன். அவர் விரலையும் சுவரோடு நின்ற பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். தன்னோடு விளையாட எனக்கு அலுத்துவிட்டது என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாராம். அதை அவர் பிறகு சொன்னார். மறுநாள் காலை, ஃபோன் எடுப்பதென்றாலே முகத்தைச் சுளிக்கும் மனிதர் தானே டொக்டரின் அலுவலகத்துக்கு எடுத்து, வரிசையில் காத்திருந்து, எனக்கு நேரம் எடுத்துத் தந்தார்.

கூடவும் வந்தார். டொக்டரின் இடம் நாங்கள் முன்பு இருந்த பக்கம், நகரத்துக்குள். அந்த முதுகோடு தி-பானே ரயிலில் உட்கார்ந்திருப்பது அவருக்குக் கஷ்டம், வழி முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த முறை விரலைத் துப்புரவாக்கக் கூடாது என்று அவருடைய கட்டளை. மடங்கின விரல் மடங்கினபடியே போனது. டொக்டர் பார்த்தார், முகம் மாறியது, பழையபடி அதே கேள்வியைக் கேட்டார். பழக்க தோஷம் பாருங்கள், என் வாயிலிருந்து மூன்று என்று வந்தது.

அதுவரை மூலையில் நின்றவர் வாயைத் திறந்தார். கிடங்கில் படித்த நோர்வேஜிய மொழி, இலக்கணம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். ஆனால் அவர் சொன்னதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"இவ சொல்லுற இலக்கத்தை நம்பாதேங்கோ டொக்டர். செல்லடிக்குள்ள இருந்து வந்த ஆள். இவவுக்குப் பத்து எண்டது வேற."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு இலக்கம் வேண்டாம், இந்தக் கையால் என்னென்ன செய்ய முடியவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். சிப் இழுக்க முடியவில்லை என்றேன். சோறு குழைத்துச் சாப்பிட முடியவில்லை என்றேன். கரம் விளையாட முடியவில்லை என்று சொல்ல வந்தபோது குரல் உடைந்துவிட்டது. கரம் என்றால் என்ன என்று டொக்டர் கேட்டார். என் கணவர் விளக்கத் தொடங்கினார். பலகை, காய், சிவப்பு, மாவு எல்லாம். என் விரலுக்காக ஒதுக்கின நேரத்தில் பாதி கரத்துக்கே போனது, டொக்டரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

விரல் தொடங்கும் இடத்தில் ஊசி போட்டார். கோர்ட்டிசோன். சில நாளைக்குச் சீனி ஏறும், கவனமாகப் பாருங்கள் என்றார். உள்ளங்கையில் ஊசி ஏறும்போது வலிக்கிறதா என்று கேட்டார். அப்போது மட்டும் நான் இலக்கத்தைக் குறைக்கவில்லை.

திரும்பி வரும்போது, டொக்டர் சொன்ன தசைநாண், உறை எல்லாம் எனக்குப் பாதிதான் விளங்கியது என்றேன். அவர் தன் குளிர் ஜாக்கெட்டின் தொப்பி நாடாவைப் பிடித்தார். இதுதான் உம்முடைய விரலை இழுக்கிற கயிறு என்றார். இது இந்தத் தையலுக்குள்ளால் ஓட வேண்டும். பிறகு நாடாவில் ஒரு முடிச்சுப் போட்டு, தையல் ஓட்டைக்குள் இழுத்துக் காட்டினார். முடிச்சு வாசலில் சிக்கியது. பலமாக இழுத்தபோது டக் என்று உள்ளே போனது. பார்த்தீரா, உமக்குக் கேட்கிற சத்தம் இதுதான். ஊசி போட்டது வீக்கத்தை வற்றவைக்க. அதுக்கும் சரிவராவிட்டால் ஓட்டையைக் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்குவார்கள், அவ்வளவுதான். ஸ்தேசனுக்கு மேல் ஸ்தேசன் போய்க்கொண்டிருந்தது, அவர் கதைத்துக்கொண்டே வந்தார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. நான் விரலை மறந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊசி வேலை செய்தது. சீனி ஏறி இறங்கியது, விரல் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. வசந்தமும் கோடையும் நன்றாகப் போயின, பலகையும் சுவரைவிட்டு வந்தது. குளிர் தொடங்கிச் சிப் திரும்பி வந்தபோது விரலும் பழையபடி பூட்டியது. இந்தமுறை நான் காத்திருக்கவில்லை. இன்னொரு ஊசி போட்டும் பார்க்கலாம், வெட்டியும் விடலாம் என்று டொக்டர் இரண்டையும் சொன்னார். நான் வெட்டச் சொன்னேன். மச்சாள் ஃபோனில் குதித்தாள். நரம்பில் கத்தி வைத்தால் கை விளங்காமல் போய்விடும் என்றாள். எங்கள் ஆட்களுக்குக் கயிறு மாதிரி இருப்பதெல்லாம் நரம்புதான். என் கணவர் ஃபோனை வாங்கி, அது நரம்பில்லை, தசைநாண், அதையும் வெட்டுவதில்லை, மேலே இருக்கிற உறையைத்தான் வெட்டுவார்கள் என்று அவளுக்கும் ஒரு வகுப்பு எடுத்தார். ஜாக்கெட் நாடாவை ஃபோனில் காட்ட முடியவில்லையே என்று அவருக்குக் கவலை.

வைத்தியசாலையில் கையை மட்டும் விறைக்கவைத்தார்கள், எனக்கு முழு நினைவு. நடுவில் ஒரு சீலை மறைப்பு. அந்தப் பக்கம் என்ன செய்கிறார்கள் என்று தெரியாது, யாரோ உள்ளங்கையில் தட்டுகிற மாதிரி இருந்தது. நான் முருகனைக் கூப்பிட்டு முடிக்க முன்னமே, சத்திரசிகிச்சை செய்தவர் சீலையைத் தாழ்த்தி, விரலை மடக்கி விரிக்கச் சொன்னார். மடக்கினேன். விரித்தேன். சத்தமில்லை, சிக்கலில்லை. பிறந்த நாளிலிருந்து அப்படியே இருந்ததுபோல விரிந்தது. நான் விம்மி அழுததைக் கண்டு தாதி பதறி, வலிக்கிறதா என்று கேட்டார். பூச்சியம் என்றேன். வாழ்க்கையில் அந்த ஒருதரம்தான் அந்த இலக்கம் முழு உண்மை.

கட்டுப் போட்டு அனுப்பும்போது, விரலைச் சும்மா வைத்திராமல் அன்றிலிருந்தே மடக்கி விரிக்கச் சொன்னார்கள். அந்த வாரங்களில் சமையல் அவர் கையில். பருப்பில் உப்புக் கடலளவு. மகள் லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்து ஒரு வாய் வைத்துவிட்டு, அப்பா ரீல்ஸ் பார்த்துச் சமைக்கிறாரா என்று சிரித்தாள். நான் தட்டைக் காலியாக்கினேன். நின்று சமைத்தால் அவருக்கு முதுகு நோகும் என்று தெரியும். கேட்டால் பரவாயில்லை என்பார் என்றும் தெரியும்.

தையல் வெட்டி, காயம் ஆறி, உள்ளங்கையில் சின்னக் கோடு ஒன்று மட்டும் மிஞ்சின பிறகு வந்த வெள்ளிக்கிழமை அவர் பலகையைத் துடைத்து வைத்திருந்தார். மாவும் தூவியாகிவிட்டது. முதல் சுண்டு என்னுடையது. ஸ்ரைக்கர் பாதி தூரம் போய்க் களைத்து நின்றது. விரல் வந்தது, பலம் வரவில்லை. தழும்பு இன்னும் நொந்தது.

அவர் சிரிக்கவில்லை. வர்ணனையும் இல்லை. ஸ்ரைக்கரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பத்துக்கு எத்தினை?"

"ரெண்டு."

"உண்மையாவோ?"

"நாலு," என்றேன். "தழும்பு மட்டும்தான். விரல் நல்லாய்க் கிடக்கு."

அப்ப ஆறுதலாய் விளையாடுவம் என்று சொல்லி ஸ்ரைக்கரை என் பக்கம் தள்ளினார். நான் அதை எடுக்கவில்லை. எனக்கு அந்த நேரம் என்ன தைரியம் வந்ததோ தெரியாது. இவ்வளவு வருடம் முதுகு எப்படி, முதுகு எப்படி என்று கேட்டுப் பரவாயில்லை வாங்கிக்கொண்டு போனவள், இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்கவில்லையே என்று அப்போதுதான் பட்டது.

"இஞ்சருங்கோ, உங்களுக்கு எத்தினை?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கார் நிறுத்தும் இடத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பதில் வராது, எழும்பிக் கதிரைக்குப் போய்விடப்போகிறார், இருந்த ஆட்டத்தையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கையில் ஒட்டியிருந்த மாவைக் காற்சட்டையில் துடைத்தார்.

"ஏழு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "முந்தி ஒம்பது. அந்தக் கதிரையில இருக்கேக்க ஒம்பது. அது முதுகு மட்டும் இல்லை."

பலகைக்கு மேலால் கையை நீட்டி அவர் கையைப் பிடித்தேன். விரல்கள் அத்தனையும் மடங்கின, நடுவிரல் உட்பட. திங்கட்கிழமை டொக்டருக்கு ஃபோன் எடுப்போம், கூட வந்து இலக்கத்தைச் சரியாகச் சொல்லுகிற வேலை இந்தமுறை என்னுடையது என்றேன். ஓம் என்றார். பிறகு என் கையின் கீழிருந்து தன் கையை இழுத்து, மற்றக் கையால் பலகையைக் காட்டினார். நான் எட்டிப் பிடித்ததில் என் முழங்கை பட்டு, சிவப்புக் காய் மூலை ஓட்டைக்குக் கிட்டப் போய் நின்றது.

"அளாப்பாதையும்," என்றார்.